குடிலில் குழந்தை இல்லாத நாள்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டிசம்பர் பிறந்ததுமே உங்கள் பக்கங்களில் கிறிஸ்துமஸ் படங்கள் வரத் தொடங்கிவிட்டன. மகிழ்ச்சி. ஆனால் அந்தப் பண்டிகைக்கு முன்னால் வருகிற திருவருகைக் காலத்தை, ஆண்டவரின் வருகைக்காகக் காத்திருக்கும் நாள்களைப் பற்றி ஒரு வரியும் காணோம். இருபது வருடங்களுக்கு மேலாகப் பங்குக் கோயிலில் இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடில் அமைத்து வருகிறவள் நான். அதனால் இதை எழுதுகிறேன்.

24-ஆம் தேதி இரவு வரை குழந்தை இயேசுவின் சொரூபத்தைக் குடிலில் வைக்கமாட்டேன். மரியா, யோசேப்பு, இடையர்கள், மாடு எல்லாம் இருக்கும். நடுவில் வைக்கோல் மட்டும். "அக்கா, குழந்தையை வைக்க மறந்துட்டீங்க" என்று வருடா வருடம் யாராவது வந்து சொல்லிவிடுவார்கள். மறக்கவில்லை. அந்த வெறும் வைக்கோலைப் பார்த்துக்கொண்டு இருக்கத்தான் திருச்சபை நமக்கு நான்கு ஞாயிறுகளைக் கொடுத்திருக்கிறது.

போன வருடம் திருவருகைக் காலத்தில் என் மகளுக்குக் கட்டியிலிருந்து சதை எடுத்து பயாப்ஸி பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வரப் பதினொரு நாள் ஆனது. நல்லபடியாகவே வந்தது, கடவுளுக்கு நன்றி. ஆனால் நான் சொல்ல வந்தது அந்தப் பதினொரு நாள்களைப் பற்றி. என்னால் ஜெபிக்க முடியவில்லை. ஜெபமாலையைக் கையில் எடுப்பேன், முதல் மணியிலேயே போன் அடித்ததோ என்று காது அங்கே போய்விடும்.

அந்த நாள்களில் எனக்குத் துணையாக இருந்தவர் லூக்கா நற்செய்தியில் வரும் செக்கரியா. குழந்தை பிறக்கும் என்று வானதூதர் சொன்னதை நம்பாததால் பேச்சிழந்து போனவர். மகன் திருமுழுக்கு யோவான் பிறந்து எட்டாம் நாள் பெயரைப் பலகையில் எழுதிக் காட்டும் வரை அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அத்தனை மாதமும் அவர் மனைவி எலிசபெத்தின் வயிற்றில் பிள்ளை வளர்ந்துகொண்டுதான் இருந்தது. இதை எத்தனையோ முறை வாசகமாகக் கேட்டிருக்கிறேன். அப்போதுதான் உள்ளே இறங்கியது. நான் வாயடைத்துக் கிடந்தாலும் வருகிறவர் வந்துகொண்டுதான் இருக்கிறார்.

பயாப்ஸி முடிவுக்குக் காத்திருந்தபோது என்ன வருமோ என்ற பயம். ஆண்டவருக்குக் காத்திருக்கும்போது யார் வருகிறார் என்பது தெரியும். இரண்டையும் ஒரே சமயத்தில் அனுபவித்ததால் இந்த வித்தியாசம் எனக்குப் பிடிபட்டது.

திருப்பலியிலும் இது இருக்கிறது. குருவின் ஊதா உடையைப் பார்த்துப் பலரும் திருவருகைக் காலத்தை, ஈஸ்டருக்கு முன் வரும் தவக்காலம் போல இன்னொரு தவக்காலம் என்றே நினைக்கிறார்கள். இரண்டிலும் ஞாயிறு திருப்பலியில் 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப் பாடலைப் பாடுவதில்லை, சரி. ஆனால் தவக்காலத்தில் நிறுத்திவிடுகிற அல்லேலூயாவைத் திருவருகைக் காலத்தில் பாடுகிறோம். மூன்றாம் ஞாயிறு வந்தால் ஊதாவுக்குப் பதில் ரோஜா நிற உடைகூட அணியலாம். அவர் இன்னும் வரவில்லை, அதற்குள் மகிழச் சொல்கிறார்கள்! முதல் முறை வந்தவரை நினைத்து மட்டும் அல்ல, மறுபடியும் வரப்போகிறவரை எதிர்பார்த்தும்தான்.

திருவருகையின் முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும். அடுத்த ஆண்டு அந்த ஞாயிறன்று இதைப் பற்றி ஒரு சிறு கட்டுரையாவது வெளியிடுங்கள். ஏதோ ஒரு பரிசோதனை முடிவுக்காகவோ, பேசாமல் போன பிள்ளையின் குரலுக்காகவோ காத்திருக்கும் ஒருவர் அன்றைக்கு உங்கள் பேப்பரைப் பிரிப்பார்.

இந்த வருடத்துச் சொரூபம் இப்போது பருத்தித் துணியில் சுற்றி என் அலமாரியில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி