எந்தப் பிரதியைப் பார்த்து எழுதினீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024-ஆம் ஆண்டின் தமிழ்ப் படங்களைத் தங்கள் நாளிதழ் முழுப் பக்கத்தில் அலசியிருந்தது. 'அமரன்', 'மகாராஜா', 'கொட்டுக்காளி' மூன்றையும் ஒரே வசூல் வரிசையில் நிறுத்தி, கடைசிப் படத்துக்கு எதிரே 'தோல்வி' என்று ஒற்றைச் சொல்லைப் போட்டிருக்கிறீர்கள். 'அமரன்' நாயகன் சிவகார்த்திகேயன்தான் 'கொட்டுக்காளி'யின் தயாரிப்பாளர். அவரே இரண்டையும் ஒரே தராசில் வைத்திருக்க மாட்டார்.

முதலில் வசூல். நீங்கள் அச்சிட்ட கோடிகள் கிராஸா (டிக்கெட் விற்ற மொத்தத் தொகை), நெட்டா (வரி போக மிஞ்சுவது), ஷேரா (தியேட்டர் பங்கு போக விநியோகஸ்தருக்கு வருவது) என்று ஓரிடத்திலும் இல்லை. 2024-இல் 100 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு மேல் உள்ளாட்சிக் கேளிக்கை வரி. 2017-இல் புதிய தமிழ்ப் படங்களுக்கு நிர்ணயித்த 8 சதவீதத்தையே எடுத்துக்கொள்வோம். 100 கோடி கிராஸ் என்றால் வரி போக நெட் சுமார் 79 கோடி. அதில் தியேட்டரும் விநியோகஸ்தரும் பாதிப் பாதி பிரித்தால் ஷேர் 40 கோடிக்கும் கீழே. படம் எம்.ஜி.யில் (விநியோகஸ்தர் ஒரு தொகைக்கு உத்தரவாதம் தந்து முன்கூட்டியே கட்டுவது) விற்றதா, வெறும் டிஸ்ட்ரிபியூஷனா (கமிஷனுக்கு வெளியிடுவது) என்பதைப் பொறுத்து நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்பதும் மாறும். 300 கோடி போஸ்டர் ஒட்டிய படத்திலும் ஏரியா விநியோகஸ்தர் கையைக் கடித்துக்கொள்வது இப்படித்தான். 'லப்பர் பந்து' போன்ற படத்தின் கணக்கு வேறு: சிறிய முதலீடு, வாய்வழிப் பேச்சால் வாரம் தாண்டிய ஓட்டம். அதை அளக்க முதல் வார இறுதி வசூல் போதாது. மூன்றாவது வாரம் எத்தனை காட்சி மிச்சமிருந்தது என்று பார்க்க வேண்டும்.

அடுத்து, படத்தின் நீளம். 'இந்தியன் 2' வெளியான சில நாள்களிலேயே சுமார் 12 நிமிடம் குறைக்கப்பட்டது. 'மெய்யழகன்' ஏறக்குறைய 18 நிமிடம் இழந்தது. 'கங்குவா'விலும் கத்தரி விழுந்தது. சான்றிதழ் பெற்ற படத்தில் கை வைத்தால் அதைத் தணிக்கை வாரியத்துக்குத் தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும். குறைத்த பிரதிக்குப் புதிய டிசிபி தொகுப்பும் (தியேட்டருக்கு வரும் டிஜிட்டல் படக் கோப்புகள்) அதைத் திறக்கப் புதிய கேடிஎம் என்ற டிஜிட்டல் சாவியும் வர வேண்டும்; வந்து சர்வரில் ஏறும்வரை பழைய பிரதிதான் ஓடும். ஆகவே ஓர் ஊரிலேயே ஓரிரு நாள் இரண்டு நீளத்தில் ஒரே படம் ஓட வாய்ப்புண்டு. 'மெய்யழகன்' இரண்டாம் பாதி இழுவை என்கிறது உங்கள் கட்டுரை. எந்தப் பிரதியில்? முதல் நாள் விமர்சனத்தை ஆண்டிறுதியில் அப்படியே எடுத்துப் போட்டால், பிறகு தியேட்டரில் ஓடாத படத்தைப் பற்றியல்லவா வாசகர் படிக்கிறார்?

ஒலி பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு இதுதான் பெரிய குறை. தியேட்டரின் ஒலிக் கருவியான டால்பி பிராசஸரில் ஃபேடர் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு) 7 என்பது, ஒலிக்கலவை செய்தவர் அந்த வேலையின்போது தன் காதில் கேட்ட அளவு. இரைச்சல் என்று பார்வையாளர் புகார் சொன்னதும் ஆபரேட்டர் அதை 5-க்கு இறக்குவார். கிட்டத்தட்ட 7 டெசிபல் போய்விடும். 'கங்குவா'வின் சத்தம் பற்றிப் புகார் கிளம்பியபோது, ஒலியை இரண்டு புள்ளி குறைக்கச் சொல்லியிருப்பதாகத் தயாரிப்பாளரே தெரிவித்தார். வசனமும் வெடியும் ஒரே மட்டத்தில் முட்டும் படத்துக்கு அது தற்காலிக மருந்து. ஆனால் அடுத்த படத்துக்கு ஃபேடரைத் திரும்ப ஏற்ற யாருக்கும் நினைவிருக்காது. பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'யில் பின்னணி இசையே கிடையாது. ஆட்டோவின் உறுமல், சேவலின் சிறகடிப்பு, பேசாத பெண்ணைச் சுற்றி ஆண்கள் போடும் சத்தம், இவைதான் அங்கே இசை. 5-இல் வைத்து, ஏசி இரைச்சலுக்கு நடுவே ஓட்டினால் மிஞ்சுவது வெறும் மௌனம். பார்த்தவர் 'ஒன்றுமே நடக்கவில்லை' என்று சொல்லிவிட்டு எழுந்து போவார். ஒன்றே முக்கால் மணி நேரம்கூட ஓடாத இப்படிப்பட்ட படத்தையும் கேன்டீனுக்காகப் பாதியில் நிறுத்துவது தனிக் கொடுமை.

பெர்லின் திரைப்பட விழாவின் ஃபோரம் பிரிவுக்குப் போன அந்தப் படத்தைத் தியேட்டருக்கே கொண்டுவந்திருக்கக் கூடாது என்று திரைத்துறைக்குள்ளேயே குரல் எழுந்தது. அதை நான் ஏற்கவில்லை. ஆனால் ஆகஸ்ட் 23 அன்று 'வாழை'யோடு சேர்த்து இறக்கியது தவறுதான். பெரிய நாயகனை நம்பாத படங்களைத் தேடி வரும் கூட்டம் சிறியது. அதை ஒரே வெள்ளிக்கிழமையில் இரண்டாகப் பிளந்தார்கள். அதற்கு முந்தைய வாரம் 'தங்கலான்', 'டிமான்டி காலனி 2'. இரண்டு வாரம் கழித்து 'தி கோட்'. நடுவில் எத்தனை திரை கிடைத்திருக்கும்?

ஆண்டின் முதல் நான்கு மாதம் தியேட்டர்கள் காய்ந்து கிடந்ததையும் கட்டுரை விட்டுவிட்டது. ஏப்ரல் 19 தேர்தல் முடிந்த மறுநாள் 20 ஆண்டுப் பழைய 'கில்லி'தான் அரங்கை நிரப்பியது. பிப்ரவரியில் வந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' மலையாளத்திலேயே இங்கு ஓடியது. மே மாதம் 'அரண்மனை 4' வந்த பிறகுதான் தமிழ்ப் படத்துக்கு மூச்சு திரும்பியது. ஓடிடி பக்கம், ஜூன் 14-இல் வந்த 'மகாராஜா' ஜூலை 12-இல் நெட்ஃப்ளிக்ஸுக்குப் போய்விட்டது. சரியாக 28 நாள். 'அமரன்' 35 நாள் தாங்கியது.

அடுத்த ஆண்டுப் பட்டியலில் ஒவ்வொரு படத்தின் பெயருக்குக் கீழும் பார்த்த பிரதியின் நிமிடக் கணக்கு, முதல் நாள் திரைகள், மூன்றாம் வாரத் திரைகள், வசூல் எந்த வகை என்ற விவரங்களை ஒரு வரியில் போடுங்கள். நட்சத்திரக் குறிகளை எடுத்துவிட்டால் அதற்கு இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மதுரை.