பாட்டில் காலியாகட்டும்

அடியே சுதா,

ஆறு மாசமா ஒரு வரி எழுதல, திட்டிக்கோ. இங்க எல்லாரும் சௌக்கியம், லேப்ல ரமணி இன்னமும் கிருமி வளர்க்கிற பிளேட்டை மூடாமத்தான் போறா.

போன வாரம் நீ அனுப்பின மெசேஜை படிச்சதுலேர்ந்து மனசு சரியில்ல. பையனுக்கு இந்த வருஷத்துல மூணாவது தடவையா ஸ்ட்ரெப் தொண்டை, ஒரு தடவை வந்தா எதிர்ப்பு சக்தி வந்துடும்னுதானே படிச்சோம்னு கேட்டிருக்க. படிச்சோம்டி, நீ தூங்கின கிளாஸ்ல மீதியை நடத்தினாங்க. இந்த ஸ்ட்ரெப் தொண்டையை உண்டாக்குற பாக்டீரியாவுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீனஸ்னு பேர்தான் ஒண்ணு, உள்ள பெரிய கூட்டுக்குடும்பம். மேல முடி மாதிரி நீட்டிட்டிருக்கிற எம் புரதத்தை வச்சு பாக்டீரியா ஆராய்ச்சி பண்ணின லேன்ஸ்ஃபீல்டு அம்மா டைப் டைப்பா பிரிக்க ஆரம்பிச்சாங்களே, இப்போ அந்த புரதத்தோட ஜீன்ல ஒரு துண்டை சீக்வென்ஸ் பண்ணியே டைப் சொல்றோம், 200-க்கு மேல போயிடுச்சு. உடம்பு பெரும்பாலும் வந்துட்டுப் போன டைப்பைத்தான் ஞாபகம் வச்சுக்கும், அதோட பங்காளி வந்தா யாரு நீன்னு கேட்டுட்டு நிக்கும்.

டைப் ஒண்ணா இருந்தாலும் ஒண்ணில்ல, அதுதான் எனக்கு தூக்கத்தை கெடுக்குது. இங்கிலாந்துல எம்1-ங்கிற டைப்புல ஒரு புதுக் கிளை, 2019-ல பேப்பர் வந்துச்சு, கிட்டத்தட்ட 18 லட்சம் டி.என்.ஏ எழுத்து இருக்கிற ஜீனோம்ல பழைய எம்1-க்கும் இதுக்கும் 27 எழுத்துதான் வித்தியாசம், ஆனா உடம்பெல்லாம் சிவந்து தடிக்கிற ஸ்கார்லெட் ஃபீவரோட நச்சை பல மடங்கு கக்குது! அந்த நச்சு ஜீனே ஏதோ ஒரு ஃபேஜ், அதான் பாக்டீரியாவைத் தாக்குற வைரஸ், கொண்டுவந்து சொருகினது. சரி சரி, நீ கொட்டாவி விடுறது தெரியுது.

ஆனா காய்ச்சல் விட்டதும் நாலாவது நாளே மருந்தை நிறுத்திட்டேன்னு என்னமோ சாதாரணமா எழுதியிருக்கியே, அதுக்குத்தான்டி இந்த லெட்டர். இப்போ வந்தது புது டைப்பா, நீ பாதியில விட்ட பழசேதானான்னு டைப்பிங் பண்ணாம யாராலயும் சொல்ல முடியாது, சாதாரண தொண்டைவலிக்கு அதை யாரும் பண்றதுமில்ல. சில பிள்ளைங்க தொண்டையில இது சும்மாவே குடியிருக்கும், வலி வைரஸால வந்திருக்கும், டெஸ்ட் பாசிட்டிவ்னு காட்டும், அதையும் டாக்டர்கிட்ட கேளு. ஆனா நிஜ ஸ்ட்ரெப்பை அரைகுறையா விட்டா ருமாட்டிக் ஃபீவர் வந்து இதய வால்வு வரைக்கும் போகலாம். இத்தனை டைப் இருந்தும் பென்சிலினுக்கு இன்னும் அடங்குதே, அந்த ஒரு நல்லதையாவது வீணாக்காத.

இந்த தடவை 10 நாள்னா 10 நாளும் குடு. முடிஞ்சதும் காலி பாட்டிலை போட்டோ எடுத்து அனுப்பு, நீ சொன்னா ரமணியே நம்பமாட்டா.

உன்
விஜி