நீலச் சுவரில் நிற்பவர்கள்

கண்ணு,

மூன்று மணிக்கே இருட்டிவிடுகிறது, மனசு சோர்ந்துபோகிறது என்று போனில் சொன்னாய். அதிலிருந்து எனக்கு உன் நினைப்புதான். லீவு நாளில் அறைக்குள்ளேயே அடைந்து கிடக்காதே. கையில் மாதப் பாஸ் இருக்கிறது. ஸ்டாக்ஹோம் மெட்ரோவில் 100 ஸ்டேஷன் என்றால் 90க்கு மேல் ஓவியமோ சிற்பமோ இருக்கிறது. ஒவ்வொன்றாகப் போய்ப் பார்.

நான் உன்னிடம் வந்திருந்தபோது, தினமும் நீ வண்டி மாறுகிற டி-சென்ட்ராலன் ஸ்டேஷனில், நீல லைன் பிளாட்பாரத்தை விட்டு நகர எனக்கு மனசே வரவில்லை. வெள்ளைப் பாறையில் படர்ந்த நீலக் கொடியையும் இலையையும் எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். நான் பார்த்தது சுவரில் நிழலுருவாக நிற்கும் ஆட்களை. வெல்டர், தச்சர் என்று அந்த ஸ்டேஷனைக் கட்டியவர்களையே பெர் ஊலோஃப் உல்த்வெட் 1975இல் அங்கே வரைந்து வைத்திருக்கிறார். நான் வேலை பார்த்த கட்டடங்களில் திறப்புவிழாக் கல்வெட்டு உண்டு. மந்திரி பெயர் இருக்கும், காண்டிராக்டர் பெயர் இருக்கும். சாரத்தில் நின்ற கொத்தனாரையும் சாந்துச் சட்டி சுமந்த சித்தாளையும் எந்தச் சுவரிலும் நான் பார்த்ததில்லை. அங்கே பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

இன்னொன்று. குடைந்த பாறையில் கான்கிரீட்டைப் பீய்ச்சி அடித்துவிட்டு, மேடுபள்ளத்தை அப்படியே விட்டு அதன்மேலேயே வரைந்திருக்கிறார்கள். ரசமட்டம் வைத்தே பழகிய கைக்கு அது லேசில் வராது.

சோல்னா சென்ட்ரம் ஸ்டேஷனில் வரைந்திருக்கும் சிவப்பு வானமும் பச்சைக் காடும் உனக்கே தெரியும். எஸ்தர்மால்ம்ஸ்டோரி ஸ்டேஷனை மட்டும் விட்டுவிடாதே. அங்கே வரைந்தவர் சீரி தேர்கெட் என்ற அம்மாள், 1888இல் பிறந்தவர். சுரங்க ரயிலில் கலை வேண்டும் என்று இன்னொரு ஓவியரான வேரா நில்சனோடு சேர்ந்து 1950களில் போராடியவர். எழுபது தாண்டிய வயதில், பெண்ணுரிமையையும் சமாதானத்தையும் பற்றி அந்தச் சுவர் முழுக்க வரைந்தார். 1965இல் அது திறந்தது. கான்கிரீட்டில் மணலை வேகமாக அடித்துச் செதுக்கிய கோடுகள் அவை. பெயின்ட் என்றால் உரியும், இது உரியாது.

அப்புறம் நீல லைனிலேயே டென்ஸ்டாவுக்குப் போ. வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கென்றே ஹெல்கா ஹென்ஷன் பூவும் பறவையுமாக வரைந்த ஸ்டேஷன் அது. உன்னைப் போன்றவர்களுக்காக வரைந்தது, கண்ணு.

அந்தப் பாறைப் பூச்சில் நீர் கசிந்தால் ஓவியம் கெடாமல் எப்படிச் சரிசெய்கிறார்கள்? உன் ஆபீசில் சிவில் படித்தவர் யாராவது இருந்தால் கேட்டு எழுது.

அன்புடன்,
அப்பா