பழைய சொகுசு கார் வாங்குகிறீர்களா? பெயர் மாற்றும் முன் ரீகாலைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெங்களூரு, டெல்லி, கொச்சி நம்பர் பிளேட்டுகளோடு எட்டு பத்து வருடம் ஓடிய ஜெர்மன், இத்தாலி கார்கள் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வந்து டி.என். 74, டி.என். 75 என்று மாறுவது இப்போது சாதாரணமாகிவிட்டது. புதிதில் கோடிக்கு மேல் போன வண்டி கால் விலைக்குக் கிடைக்கிறது என்றால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். வாங்குகிறவர்கள் டயரைப் பார்க்கிறார்கள், ரீபெயின்ட் அடித்திருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கிறார்கள், கிலோமீட்டரைக் குறைத்திருக்கிறார்களா என்று சர்வீஸ் ரெக்கார்டு கேட்கிறார்கள். ‘இதில் கோளாறு இருக்கிறது, கொண்டு வாருங்கள், இலவசமாகச் சரி செய்கிறோம்’ என்று கம்பெனியே அறிவித்த ரீகால் ஏதாவது அந்த வண்டியில் பாக்கி நிற்கிறதா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

ரீகால் கடிதம் கம்பெனியின் பதிவேட்டில் உள்ள விலாசத்துக்குத்தான் போகும். பெரும்பாலும் அது முதல் உரிமையாளரின் விலாசம். அவர் விற்று, இரண்டு புரோக்கர் கை மாறி, என்.ஓ.சி. வாங்கி, இங்கே படிவம் 29, 30 கொடுத்துப் பெயர் மாறிய பிறகு வருகிற கடிதம் குர்கானில் ஏதோ ஒரு அடுக்குமாடியின் தபால் பெட்டியில் கிடக்கும். ரீகால் சேஸிஸ் நம்பரோடு போவது. மூன்றாவது கையாக இருந்தாலும் நான்காவது கையாக இருந்தாலும், பாகத்துக்கும் கூலிக்கும் காசு கிடையாது. இது தெரியாமலேயே அதே வேலைக்கு வெளி ஒர்க்‌ஷாப்பில் லட்சக் கணக்கில் கொடுப்பவர்கள் உண்டு.

ரீகால் என்றாலே மட்டமான வண்டி என்று முகம் சுளிப்பதும் தப்பு, இவ்வளவு விலை வண்டிக்கு அதெல்லாம் வராது என்று நம்புவதும் தப்பு. 2010-ல் பெராரி 458 இட்டாலியாவின் சக்கர வளைவுக்குள் பூசியிருந்த பசை எக்ஸாஸ்ட் சூட்டில் தீப்பிடித்தது. 1,248 கார்களைத் திரும்ப அழைத்து, பசைக்குப் பதில் ரிவெட் அடித்துக் கொடுத்தார்கள். 2014-ல் போர்ஷே 911 ஜிடி3-யில் கனெக்டிங் ராடு போல்ட் தளர்ந்து கார் எரிந்ததால் 785 கார்களுக்கும் இன்ஜினையே மாற்றினார்கள். அதே ஆண்டு ஆஸ்டன் மார்ட்டின் 17,590 கார்களை அழைத்ததற்குக் காரணம், ஆக்சிலரேட்டர் பெடலின் கைப்பகுதியில் போலி பிளாஸ்டிக் கலந்துவிட்டது. அந்த விலை காரிலேயே டூப்ளிகேட் சரக்கு நுழைந்திருக்கிறது!

பெராரியின் 2022 ரீகால் இதையெல்லாம் விடச் சின்ன விஷயம், ஒரு மூடி. பிரேக் பேடு தேயத் தேய பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் இறங்கும். அப்போது அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக மூடியில் வழி இருக்க வேண்டும். அந்த வழி சரியாக வேலை செய்யாவிட்டால் டப்பாவுக்குள் வெற்றிடம் உண்டாகி, ஆயில் கசிந்து, பிரேக் பாதியோ முழுவதுமோ போய்விடலாம். அமெரிக்காவில் மட்டும் 23,555 கார்கள், 2005 மாடல் தொடங்கி. பரிகாரம் புது மூடியும், டேஷ்போர்டு எச்சரிக்கையை மாற்றும் மென்பொருளும்தான். எந்த பிராண்டாக இருந்தாலும் பிரேக் ஆயில் விளக்கு எரிந்தால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்துங்கள். ஆயில் ஊற்றி விளக்கை அணைத்துவிட்டு ஓட்டுவது தற்கொலை முயற்சி.

நம் மாவட்டத்துக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது ஈரக் காற்று. டகாட்டா என்ற ஜப்பானியக் கம்பெனி செய்த ஏர்பேக் விவகாரத்தைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். பி.எம்.டபிள்யூ, மெர்சிடிஸ், ஆடி, ஜாகுவார், பெராரி, மெக்லாரன் என்று பல பிராண்டுகளுக்கும் போன ரீகால் அது. பையை ஊத வைக்கும் இன்ஃப்ளேட்டருக்குள் அம்மோனியம் நைட்ரேட் வில்லைகள் இருக்கும். ஈரத்தை உறிஞ்சும் மருந்து பல ரகங்களில் சேர்க்கப்படவில்லை. பகலில் காய்ந்தும் இரவில் குளிர்ந்தும் ஈரம் ஏறி ஏறி, வருடங்கள் போகப் போக வில்லைகள் பொருமி விரிசல் விடும். விரிசல் விட்ட வில்லை வேகமாக எரியும், அழுத்தம் எகிறும், உலோகக் கூடு சிதறி ஓட்டுபவரின் கழுத்திலும் முகத்திலும் பாயும். அமெரிக்காவில் ஃபுளோரிடா, ஹவாய் போன்ற வெப்பமும் ஈரமும் கூடிய பகுதிகளைத் தனி மண்டலமாகப் பிரித்து அங்கே முதலில் மாற்றினார்கள். இரண்டு மழையும் பெய்து, வருடம் முழுக்கக் கடற்காற்று வீசும் குளச்சலும் முட்டமும் தேங்காப்பட்டணமும் எந்த மண்டலத்தில் சேரும் என்று சொல்லத் தேவையில்லை. டெல்லியில் பத்து வருடம் நின்ற வண்டியும் இங்கே வந்தபின் இந்தக் கணக்கில்தான் வயதாகும்.

இதில் இன்னொரு வில்லங்கம். விபத்தில் ஏர்பேக் வெடித்த வண்டிக்கு உடைத்த காரிலிருந்து கழற்றிய ஏர்பேக் மாட்யூலைப் போட்டு விற்பார்கள். கழற்றியது டகாட்டா சரக்காகவும் இருக்கலாம். சிலர் அதுகூடப் போடுவதில்லை. வயரில் ஒரு ரெசிஸ்டரைச் செருகி கம்ப்யூட்டரை ஏமாற்றிவிடுவார்கள். இக்னிஷன் போட்டதும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ரெசிஸ்டர் வேலை இதில் தெரியாது, ஸ்டியரிங் கவரையும் டேஷ்போர்டையும் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

ஈரம் செய்த இன்னொரு காரியம் பிரேக் பூஸ்டர், அதாவது வெற்றிடத்தின் உதவியால் நாம் மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பாகம். 2004 முதல் 2015 வரை வந்த மெர்சிடிஸ் எம்.எல்., ஜி.எல்., ஆர் கிளாஸ் வண்டிகள் ஏறக்குறைய 10 லட்சத்தை 2022-ல் கம்பெனி உலகம் முழுக்கத் திரும்ப அழைத்தது. பூஸ்டர் கூட்டின் மேலுள்ள ரப்பர் உறைக்கு அடியில் தண்ணீர் தங்கித் துரு பிடிக்கும். துரு முற்றினால் பலமாக பிரேக் அடிக்கும் நேரத்தில் பெடலுக்கும் பிரேக்குக்கும் உள்ள தொடர்பே அறுந்துபோகலாம். ரப்பர் உறையைக் கழற்றிப் பார்த்துத் துரு இருந்தால் பூஸ்டரை மாற்றுவதுதான் வேலை. பெடலை அமுக்கும்போது உஸ்ஸென்று காற்றுச் சத்தம் வந்தாலும், பெடல் கல்லாக நின்றாலும் சந்தேகப்படலாம். இன்ஜினை அணைத்து நாலைந்து முறை மிதித்துப் பெடலை இறுக்கி, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இந்தச் சோதனை வெற்றிடத்தைத்தான் காட்டும், துருவைக் காட்டாது. உறையைக் கழற்றாமல் ‘பூஸ்டர் ஓகே’ என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

டீசல் பி.எம்.டபிள்யூ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. கூலன்ட் அடிக்கடி குறைகிறது, கீழே சொட்டு இல்லை என்றால் பைப்புத் தண்ணீர் ஊற்றி ஓட்டாதீர்கள். 2018-ல் தென் கொரியாவில் 520டி கார்கள் வரிசையாக எரிந்தது புகையைக் குளிர வைத்து மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர். கூலருக்குள் கூலன்ட் கசிந்து கரியோடு சேர்ந்து கனன்றதால்தான்.

நம் சட்டத்தில் இருக்கிற ஓட்டையும் இங்கேதான் உறுத்துகிறது. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 110ஏ பிரிவு ரீகாலுக்கு அதிகாரம் தருகிறது. 2021 ஏப்ரல் 1 முதல் விதிகள் அமலில் உள்ளன. அரசு கட்டாயப்படுத்தும் ரீகால் ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். ஆனால் ஏர்பேக் வில்லை பொருமுவதும் பூஸ்டர் துருப்பிடிப்பதும் ஏழு வருடத்துக்குப் பிறகுதான் முற்றும், நம் ஊருக்கு வருகிற சொகுசு கார்களும் பெரும்பாலும் அந்த வயதைத் தாண்டியவை. கம்பெனி தானாக அறிவிக்கும் ரீகாலுக்கு இந்த வயது வரம்பு தடையில்லை என்பதே ஒரே ஆறுதல்.

பார்ப்பது எப்படி? ஆர்.சி.யில் உள்ள 17 இலக்க சேஸிஸ் நம்பரை, முன் கண்ணாடியின் அடி ஓரத்திலும் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரிலும் இருப்பதோடு ஒப்பிடுங்கள். அதில் ஆங்கில ஐ, ஓ, கியூ எழுத்துகள் வராது. அப்படித் தெரிந்தால் அது ஒன்று, பூஜ்யம். அந்த நம்பரைக் கம்பெனியின் இந்திய இணையதளத்தில் போடுங்கள். அங்கே வசதி இல்லையென்றால் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கு மின்னஞ்சல் அனுப்பி ‘ஓப்பன் கேம்பெயின்’ (பாக்கி நிற்கும் ரீகால்) இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். அமெரிக்க அரசின் தேடல் பக்கத்தில் நம்பரைப் போட்டு ரீகால் இல்லை என்று வந்தது கண்டு நிம்மதியடைபவர்கள் உண்டு. அது அந்த நாட்டில் விற்ற வண்டிகளுக்கானது, இந்திய வண்டிக்கு அந்தப் பதிலுக்கு மதிப்பில்லை. ‘ரீகால் முடிந்தது’ என்று விற்பவர் சொன்னால் கேம்பெயின் எண் போட்ட ஜாப் கார்டு நகலைக் கேளுங்கள். பாகம் வரத் தாமதமானால், கோளாறு முன் பயணியின் ஏர்பேக்கில் என்றால் அந்த இருக்கையில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். ஓட்டுநர் பக்கம் என்றால் வண்டியை எடுக்கவே கூடாது. திருவனந்தபுரமோ மதுரையோ கொண்டுபோக நேர்ந்தால் பிளாட்பெட் வண்டியில் ஏற்றுங்கள். நாலு சக்கரமும் இழுக்கும் காரை இரண்டு சக்கரம் தரையில் உருள இழுத்துப்போனால் கியர்பாக்ஸ் செலவு தனி.

ரீகால் இல்லாத கோளாறுக்குப் புகார் எழுதுவதிலும் நாம் சோம்பேறிகள். வாட்ஸ்அப்பில் திட்டுவதோடு முடிந்தது. அரசின் வாகன் தளத்தில் உரிமையாளர் புகார் பதியலாம். ஆண்டுக்கு 500 வரை விற்கும் கார் மாடலுக்கு, விற்றதில் 20 சதவீதமோ 100 புகாரோ சேர்ந்தாலே கட்டாய ரீகாலுக்கான கதவு திறக்கும். குறைவாக விற்கும் இந்த ரகக் கார்களில் ஒவ்வொரு புகாரும் கனமானது. எழுதும்போது ‘பவர் இல்லை’ என்றால் போதாது. எத்தனை கிலோமீட்டரில், என்ன வேகத்தில், இன்ஜின் சூடாகவா குளிராகவா, மழையா வெயிலா, எந்த விளக்கு எரிந்தது, ஸ்கேனரில் வந்த கோளாறு எண் (கோட்) என்ன என்பதெல்லாம் வேண்டும். அந்தக் கோளாறு எண்ணைப் படம் எடுக்கும் முன் அழிக்க விடாதீர்கள், பேட்டரியைக் கழற்றவும் விடாதீர்கள், கோளாறு நேரத்தில் பதிவான தகவலும் அதோடு போய்விடலாம். சர்வீஸ் சென்டரில் ஜாப் கார்டில் உங்கள் வார்த்தையிலேயே புகாரை எழுதச் சொல்லுங்கள். ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள். பிறகு நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் அந்தக் காகிதம்தான் சாட்சி. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் நாகர்கோவில் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம், கெடு இரண்டு வருடம். முதல் கட்ட ஆலோசனைக்கு 1915.

நாகர்கோவில், மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ. அலுவலகங்களில் வெளிமாநிலக் கார்களுக்குப் பெயர் மாற்றும்போது, இன்ஷூரன்ஸும் புகைச் சான்றும் கேட்பதுபோல் ரீகால் நிலை பற்றிய ஒரு தாளையும் கேட்கலாம். சட்டம் இன்னும் கட்டாயமாக்காவிட்டாலும் கவுன்டரில் ஒரு அறிவிப்புப் பலகை வைக்க எந்தத் தடையும் இல்லை. இந்திய வாகன உற்பத்தியாளர் சங்கத்தின் இணையதளத்தில் வெளியாகும் ரீகால் பட்டியலைத் தங்கள் நாளிதழ் மாதம் ஒருமுறை மாவட்டப் பக்கத்தில் வெளியிட்டால் கால் பக்கம்கூட ஆகாது. கம்பெனிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: மூடி மாற்றுவது, ரப்பர் உறை கழற்றிப் பார்ப்பது போன்ற வேலைகளுக்கு வருடத்தில் இரண்டு நாள் நாகர்கோவிலில் முகாம் போடுங்கள். அதற்காக வண்டியைத் திருவனந்தபுரம் வரை 70 கிலோமீட்டர் லாரியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டியதில்லை.

இப்படிக்கு,
கார் பழுதுபார்க்கும் தொழிலில் உள்ள வாசகர்கள்,
நாகர்கோவில்.