முதல் நாளே இவ்வளவு எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

என் அக்கா மகன் கல்லூரியில் சேர்ந்த கையோடு ஜிம்மிலும் சேர்ந்தான், முதல் நாளே தோளில் எடையோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழ வைத்திருக்கிறார்கள், மூன்றாம் நாள் காலையில் மாடிப்படியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தான். பார்க்கவே பாவமாக இருந்தது.

புதிதாகத் தூக்குபவர்களுக்கு 24 முதல் 72 மணி நேரத்துக்குள் தசைவலி உச்சத்துக்குப் போவது இயல்புதான், லேசாக நடமாடினால் சில நாளில் அடங்கிவிடும். ஆனால் மூட்டில் சுருக்கென்று குத்தினால் அது வேறு. அதைவிட முக்கியம், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அப்புறம் பார்க்கலாம் என்று இருக்கவே கூடாது, சிதைந்த தசையிலிருந்து கசியும் புரதம் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எடை தூக்கும் பெரிய கம்பி, இரண்டு முனையிலும் எடைத் தட்டு மாட்டாமலே 20 கிலோ. ஆரம்பத்தில் அதுவே பலருக்குப் போதும், சிலருக்கு அதுவும் அதிகம். மல்லாந்து படுத்துத் தூக்கும்போது தலைமாட்டில் கட்டாயம் ஒருவர் நிற்க வேண்டும், கை தளர்ந்தால் கம்பி மார்பிலோ கழுத்திலோ விழும். ஜிம் நடத்துபவர்களே, பணம் வாங்கும் அன்றைக்கே இதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

- ஒரு வாசகர், மதுரை