கொலம்பஸ் கையில் முடிச்சுக் கயிறு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கடற்பயணக் கட்டுரையில், 1492-இல் கொலம்பஸ் முடிச்சுக் கயிற்றால் கப்பலின் வேகத்தை அளந்தார் என்று இருந்தது. தவறு. அந்தக் கருவியை முதலில் அச்சில் விவரித்தவர் வில்லியம் போர்ன் என்ற ஆங்கிலேயர், ஆண்டு 1574. கொலம்பஸ் காலத்து மாலுமிகள் கப்பலோரம் நகரும் நுரையைப் பார்த்துக் கண்ணளவில்தான் வேகம் சொன்னார்கள்.

கருவி எளிமையானது. கால்வட்டப் பலகை ஒன்று. வளைந்த ஓரத்தில் ஈயம் பதித்திருப்பதால் தண்ணீரில் நிமிர்ந்து நிற்கும். அதன் மூலைகளில் கட்டிய கயிறுகள் முடிச்சுகள் போட்ட நீண்ட கயிற்றோடு சேரும். பலகையைக் கடலில் போட்டால் அது நின்ற இடத்தில் நிற்க, கப்பல் நகர நகரக் கயிறு ஓடும். ஒரு மூலைக் கயிற்றை மட்டும் மரமுளையால் செருகியிருப்பார்கள். அளந்து முடித்து வெடுக்கென்று இழுத்தால் முளை கழன்று பலகை படுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் ஓடும் கப்பலுக்கு அதை இழுத்தேற்றுவது லேசில்லை. கப்பலுக்குப் பின்னால் சுழிக்கும் நீரைத் தாண்டும்வரை ஓடும் கயிறு கணக்கில் வராது. அங்கே கட்டிய துணித்துண்டு கையைக் கடந்ததும் மணற்கடிகாரத்தைத் திருப்புவார்கள். மணல் விழுந்து முடிவதற்குள் எத்தனை முடிச்சு கையைக் கடக்கிறதோ, அதுதான் மணிக்கு இத்தனை கடல்மைல் என்ற வேகம்.

வில்லங்கம் முடிச்சுகளின் இடைவெளியில் இருந்தது. கடிகாரம் 30 விநாடி, அதாவது மணியில் 120-இல் ஒரு பங்கு. கடல்மைலுக்கு 5,000 அடி என்று நம்பி 42 அடிக்கு ஒரு முடிச்சு போட்டார்கள். ரிச்சர்ட் நார்வுட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் லண்டனுக்கும் யார்க்குக்கும் இடையே அளந்து 1637-இல் வெளியிட்ட கணக்குப்படி கடல்மைல் சுமார் 6,120 அடி. முடிச்சு 51 அடிக்கு ஒன்றாக இருக்க வேண்டும். பழைய கயிறு 6 காட்டினால் உண்மையில் ஏறக்குறைய 5தான்!

அப்படியும் பலர் பழைய கயிற்றை விடவில்லை. அது வெறும் பிடிவாதமல்ல. கணக்கில் கப்பல் முந்தியிருந்தால், கரை வருமுன்பே உஷாராகிவிடலாம். பிந்தியிருந்தால் நடுராத்திரியில் பாறைதான். மணற்கடிகாரமும் ஏமாற்றும். ஈரத்தில் மணல் கட்டிக்கொண்டு மெதுவாக விழுந்தால் வேகம் கூடுதலாகத் தெரியும். நாளடைவில் மணல் உராய்ந்து கழுத்துத் துளை அகன்றாலோ குறைவாகத் தெரியும், ஆபத்து இதில்தான். நீரோட்டத்தைப் பலகை காட்டவே காட்டாது, கப்பலோடு அதுவும் அடித்துச் செல்லப்படுவதால்.

இன்னொன்று: 'மணிக்கு 10 நாட்' என்று அச்சாகியிருக்கிறது. நாட் என்றாலே மணிக்கு ஒரு கடல்மைல். அந்த 'மணிக்கு' வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகர், தூத்துக்குடி