பனையோலைக் கடகம் பின்னத் தெரிந்தவர்களே, எங்களிடம் வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் கொக்குவிலில் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 57. பள்ளிச் சீருடை, சாறிச் சட்டை, கலியாணக் காலத்தில் அவசர வேலை என்று முப்பது வருடமாக மெஷினோடு இருப்பவள். பத்திரிகைக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. நான் சேர்ந்திருக்கிற சின்னக் குழுவில் ஆள் குறைந்துபோனதால் எழுதுகிறேன். 14 பேராகத் தொடங்கியது. இப்போது 6 பேர். மூன்று பேர் கனடாவுக்குப் போய்விட்டார்கள், ஒருவர் பிரான்சுக்கு. மற்றவர்களுக்கு வேலையும் படிப்பும். போனவர்கள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த இடங்களுக்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தின் கடைசி அரசன் சங்கிலி குமாரன் காலத்து நல்லூரில் ஒரு சாதாரண நாள் எப்படிக் கழிந்திருக்கும் என்பதை, அந்தக் காலத்து உடுப்போடும் அடுப்போடும் நாங்கள் செய்து பார்க்கிறோம். எங்கள் ஆண்டு 1619. அந்த வருடம்தான், நாங்கள் பறங்கியர் என்று சொல்கிற போர்த்துக்கேயரின் தளபதி பிலிப் டி ஒலிவேரா படையோடு வந்து நல்லூரைப் பிடித்தான். சங்கிலியைக் கோவாவுக்குக் கொண்டுபோய் அங்கேயே கொன்றார்கள். நல்லூர் பிடிபடுவதற்கு முந்திய சில மாதங்களைத்தான் நாங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறோம். கூத்து ஆடுகிறீர்களா என்று கேட்பவர்கள் உண்டு. கூத்தென்றால் அண்ணாவியார் இருப்பார், பாட்டு இருக்கும், களரியைச் சுற்றிச் சனம் இருக்கும். எங்களுக்குப் பாட்டும் இல்லை, பாடமாக்குவதற்கு வசனமும் இல்லை. அடுப்பு மூட்டுகிறவர் உண்மையாகவே மூட்ட வேண்டும், தீப்பெட்டி கிடையாது. முதல் நாள் சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டித் தட்டி, பனம் பன்னாடையில் பொறி பிடிக்க ஒன்றரை மணித்தியாலம் சென்றது. புகை வந்தபோது வளர்ந்த ஆம்பிளைகள் குழந்தைப் பிள்ளைகள் மாதிரிக் கத்தினார்கள்.

எனக்கு இந்த ஆசை வந்தது இங்கிலாந்தில். தங்கையிடம் போயிருந்தபோது, 1066இல் ஹேஸ்டிங்ஸ் போர் நடந்த இடத்தில் ஒவ்வொரு ஒக்டோபரிலும் அதை நடத்திக் காட்டுவார்கள் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனாள். குதிரையும் ஈட்டியும் பார்க்கத்தான் எல்லோரும் போனார்கள். நான் ஒரு கூடாரத்துக்கு முன்னால் நின்றுவிட்டேன். என் வயதுப் பெண் ஒருத்தி புல்லில் இருந்து ஆட்டு மயிரைக் கையால் நூலாக முறுக்கிக்கொண்டிருந்தாள். என்னையும் பிடிக்கச் சொன்னாள். நூல் அறுந்தது. அவள் சிரித்துக்கொண்டே முடிச்சுப் போட்டு மறுபடி என் கையில் தந்தாள். போர் முடிந்து தங்கை வந்து கூப்பிடும்வரை அங்கேயே இருந்தேன்.

ஊருக்கு வந்து சில காலத்தில், எங்கள் ஒழுங்கையில் வரலாறு படிக்கிற பெடியன் ஒருவன் பறங்கிச் சிப்பாய்க்கு மேற்சட்டை தைத்துத் தருவீர்களா என்று படம் கொண்டுவந்தான். தைத்துக் கொடுத்தேன். அவன் ஓரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னான்: “அன்ரி, இது மெஷின் தையல். அந்த நேரம் மெஷின் இல்லையே.” எனக்கு முகம் சிவந்துபோனது. அன்றிரவே தையலை முழுதாகப் பிரித்தேன். கையால் தைக்க ஐந்து வாரம் எடுத்தது. தெறிகூடத் துணியிலேதான். ஒரு ரூபாய்க் குற்றி அளவில் வட்டமாக வெட்டி, ஓரத்தைச் சுற்றி நூல் ஓட்டி, நடுவில் துணித் துண்டுகளை வைத்து அடைத்து, நூலை இழுத்தால் சின்ன உருண்டையாகச் சுருங்கும். அடியை நாலு தரம் குறுக்கே குத்தி இறுக்க வேண்டும். ஒரு சட்டைக்கு 16. முதல் எட்டும் ஒவ்வொரு பருமன். கடைசி எட்டைப் பார்த்தால் இப்போதும் எனக்குச் சந்தோஷம்.

பறங்கி உடுப்புப் போட ஆள் பிடிப்பது கஷ்டம். வருகிற பெடியள் எல்லோருக்கும் சங்கிலியாக வேண்டும். ஆனால் ஒலிவேராவின் பக்கம் நின்றவர்கள் எல்லோரும் வெள்ளைக்காரர் இல்லை, கூலிக்கு நின்ற உள்நாட்டுப் படையாட்கள் ஏராளம். தஞ்சாவூர் நாயக்கர் அனுப்பிய படையோடு வருணகுலத்தான் வந்து பறங்கியருக்கு எதிராகப் போராடியதையும் நாங்கள் கதைக்கிறோம். எங்களுக்கு வசதியானதை மட்டும் எடுத்து உடுத்தினால் அது வரலாறாகாது.

இனி, என் கூடப் பிறந்தவர்களே கேட்ட கேள்வி: “நாங்கள் பார்த்த சண்டை காணாதா? இனி விளையாட்டுக்கும் சண்டையா?” கேட்டது நியாயம். ஷெல் சத்தத்துக்குப் பங்கருக்குள் பிள்ளையை மடியில் வைத்திருந்தவள் நான். அதனால் எங்களிடம் ஒரு தீர்மானம் இருக்கிறது: வெடிமருந்து இல்லை, இரும்பு வாள் இல்லை, போர்க் காட்சி இல்லை. திரித்துப்பாக்கிக்கு மரத்தில் மாதிரி செய்து வைத்திருக்கிறோம். மருந்து போட்டு, குண்டு போட்டு, கோலால் இடித்து, கிண்ணியில் மருந்து வைத்து, திரியை ஊதிக் கனல வைப்பதற்குள் எவ்வளவு நேரம் போகும் என்று காட்டுவோம். சுடுவது போலக்கூடப் பாவனை செய்வதில்லை.

நாங்கள் கூடிய நேரம் செலவிடுவது குசினியில்தான். மிளகாய் எங்கள் மண்ணில் பிறந்ததில்லை, பறங்கியரோடு கடல் கடந்து வந்தது. மிளகுபோல உறைக்கிற காய் என்பதால்தானே மிளகாய். மரவள்ளியும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். ஆகவே, காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற எங்கள் ஒடியல் கூழில் செத்தல் மிளகாயும் மரவள்ளியும் போடுவதில்லை. ஒடியல் மாவை ஊறவைத்துக் காறல் போக்கி, நண்டு, றால், மீன், பயிற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கை இலை, புளி, நிறைய மிளகு. மண்சட்டியில் காய்ச்சி, பலாவிலையை ஈர்க்கால் குத்திக் கோலிக் குடிப்போம். என் மாமி ஒரு மிடறு குடித்துவிட்டு, “உறைப்பு நாக்கில இல்ல, தொண்டைக்குள்ள நிக்குது” என்றா. 84 வயதில் அப்படி ஒரு கூழை முதன்முதலாகக் குடித்தவ, இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினா.

ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தோம். அப்போது நான் இன்னும் வெளியில் இருந்து தைத்துக் கொடுப்பவள்தான். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழும்பிக் கேட்டது: “பொம்பிளையள் என்ன செய்தவை?” குழுவில் ஒரு பெண்கூட இல்லை. ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த சனிக்கிழமையே நான் உறுப்பினராகச் சேர்ந்தேன். இன்றைக்கும் ஒரே பெண் நான்தான்.

வாள் சுழற்றத் தெரிந்தவர்களை நான் தேடவில்லை. கடகம் இழைத்து, பனை நாரால் விளிம்பு கட்டத் தெரிந்தவர்கள் வேண்டும். எங்கள் கடகம் மூன்றாம் நாளே வாய் விரிந்துவிட்டது. பாய் பின்னுகிறவர்கள், பானை வனைகிறவர்கள், தோணி பிடித்த கை உள்ளவர்கள் வேண்டும். ஓலை வாரி எழுத்தாணி பிடிக்கத் தெரிந்த ஐயா ஒருவர் கிடைத்தால் பெரிய உதவி. ஓலை கிழியும் என்று அந்தக் காலத்தில் புள்ளி வைக்காமலே எழுதினார்கள். அதை வாசிக்க எங்கள் பெடியள் இப்போதுதான் தட்டுத் தடுமாறுகிறார்கள். பிறகு, சாயவேர். மன்னாரிலும் தீவுகளிலும் மணலைத் தோண்டி எடுத்த அந்த வேரில்தான் ஒரு காலத்தில் துணிக்குச் சிவப்பு ஏற்றினார்கள். படிகாரத்தில் துணியை ஊறவிட்டு, வேரோடு சேர்த்து அவித்தேன். மூன்று தரமும் செங்கல் நிறம்தான் வந்தது. உங்கள் பாட்டி, பூட்டி யாராவது சாயம் போட்ட கதை உங்களுக்குத் தெரிந்தால், நீங்கள் குழுவில் சேராவிட்டாலும் பரவாயில்லை, வந்து சொல்லிவிட்டுப் போங்கள்.

சந்தாப் பணம் இல்லை. துணிச் செலவை எல்லோரும் பங்கு போடுகிறோம், முடியாதவர்களிடம் கேட்பதில்லை. வயதெல்லை இல்லை. 16க்குக் குறைந்தவர்கள் தாய் தகப்பனோடு வர வேண்டும். நிலத்தில் சப்பாணி கட்டி இருக்க முடியாதவர்களுக்கு ஒரு பழைய வாங்கு இருக்கிறது. 1619இல் அது பொருந்தாது, பொருந்தாவிட்டாலும் போட்டு வைத்திருக்கிறோம்.

ஒவ்வொரு பூரணை விடுமுறையிலும் காலை 7 மணிக்கு, நல்லூரில் பருத்தித்துறை வீதியில் உள்ள சங்கிலியன் தோப்பு வளைவுக்கு முன்னால் நிற்போம். அங்கிருந்து நாங்கள் கூடும் வளவுக்கு நடைதூரம்தான். கையில் ஊசி நூல் பெட்டியோடு, கண்ணாடி போட்டு நிற்பவள் நான். குடிக்க ஒரு பலாவிலை மட்டும் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
தையற்காரி ஒருவர்,
கொக்குவில்.